பி எது, எஸ் எது? ரிச்சர்ட் ஓல்டாமின் கதை



ஃபைனல் இயர்னு சொன்னாலே ப்ராஜெக்ட் தலைப்புதான் பேச்சு. இப்போ நிறைய பேர் தேடுற தலைப்புகள்ல ஒண்ணு, நிலநடுக்கத்தைத் தானாகவே கண்டுபிடிக்கிற மாடல். தேடினா டேட்டாசெட் ரெடியா கிடைக்கும். ட்ரெயின் பண்ணி வெச்ச மாடலும் கிடைக்கும். ஒரு நிலநடுக்கப் பதிவை உள்ளே கொடுத்தா போதும், பி அலை எந்த நொடியில வந்தது, எஸ் அலை எந்த நொடியில வந்ததுன்னு இரண்டு கோடு போட்டுக் காட்டிடும். ரிசல்ட் நல்லாவே இருக்கும்.

சரி, அந்த பி-யும் எஸ்-ஸும் இரண்டு தனித்தனி அலைகள்னு ஒரு நிஜ நிலநடுக்கப் பதிவுல முதல்ல பிரிச்சுக் காட்டினது யாருன்னு தெரியுமா? அவர் பேர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். பிறந்தது அயர்லாந்தின் டப்ளின் நகரத்துல. ஆனா அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோன நிலநடுக்கம் நடந்தது நம்ம நாட்டுல. அவர் இந்தியாவுல வேலைக்குச் சேர்ந்தப்போ வயசு 21. அதாவது நம்ம வயசு.

இன்னைக்கு உங்க லேப்டாப்பும் போனும் செய்யற வேலையோட முதல் பக்கத்தை எழுதினவர் அவர். அவர்கிட்ட நல்ல சென்சார் இல்லை, சரியான கடிகாரம்கூட இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடிச்சார்? அதைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

அப்பா விட்டுப்போன வேலை

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போயிருப்பீங்க. நம்ம விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற அந்த இடத்துல, சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கு. அந்தப் பூங்காவைப் பராமரிக்கிறது இந்திய புவியியல் ஆய்வுத் துறை. அந்தத் துறையைத் தொடங்கி நடத்த 1851-ல் இந்தியா வந்தவர் தாமஸ் ஓல்டாம். நம்ம கதாநாயகனோட அப்பா.

தாமஸ் எடின்பரோவில் சிவில் இன்ஜினியரிங் படிச்சவர். அவருடைய துறையின் முக்கிய வேலை நிலக்கரி தேடுவது. ரயில் ஓடணும்னா நிலக்கரி வேணும், அரசாங்கத்துக்கு அதுதான் கவலை. ஆனா தாமஸுக்கு நிலநடுக்கத்து மேலயும் ஒரு கண் இருந்தது. 1869 ஜனவரி 10-ம் தேதி அசாம் பக்கம் கச்சார் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது அவரே அங்கே போனார். எந்தச் சுவர் எந்தப் பக்கம் விரிசல் விட்டது, எந்தத் தூண் எந்தத் திசையில் விழுந்தது என்று அளந்து குறித்துக்கொண்டார். இது ராபர்ட் மாலெட் என்ற ஐரிஷ் பொறியாளர் உருவாக்கிய முறை. கருவியே இல்லாத காலத்தில் இடிந்த கட்டடங்களையே கருவியாகப் படிப்பதுதான் அது.

இதோட இன்னொரு வேலையையும் தாமஸ் ஆரம்பிச்சிருந்தார். பழைய காலத்திலிருந்து 1869 வரை இந்தியாவில் வந்த நிலநடுக்கங்களையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்க்கிற வேலை. ஆனா இரண்டையும் அவரால முடிக்க முடியல. 1876-ல் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பினவர் 1878 ஜூலையில் இறந்துட்டார்.

ரிச்சர்ட் 1858 ஜூலை 31-ல் பிறந்தவர். லண்டனில் ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் படித்துவிட்டு, அப்பா போன அடுத்த வருஷம், 1879-ல், அப்பா நடத்திய அதே துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா முடிக்காமல் வைத்திருந்த காகிதங்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றைச் சரிபார்த்து, ஒழுங்குபடுத்தி, கச்சார் அறிக்கையை 1882-லும், நிலநடுக்கப் பட்டியலை 1883-லும் வெளியிட்டார். இரண்டிலும் ஆசிரியர் பெயர் அப்பாவுடையது. மகன் பெயர் பதிப்பாசிரியராக மட்டுமே இருக்கும்.

இதை ஒரு மகன் செய்த கடமைன்னு சொல்லிட்டுக் கடந்து போயிடலாம். ஆனா ஒரு இன்ஜினியரா யோசிச்சுப் பாருங்க. யாரோ எழுதி வெச்ச, பாதியில நின்ன, ஒழுங்கில்லாத டேட்டாவை வரி வரியா சரிபார்க்கிற வேலை அது. எந்தத் தகவலை நம்பலாம், எதைச் சந்தேகப்படணும்னு அவர் பழகினது இந்தச் சலிப்பான வேலையிலதான். பதினெட்டு வருஷம் கழிச்சு அதுதான் கை கொடுத்தது.

இடையில் அவர் நிலநடுக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. இமயமலை உட்பட பல பகுதிகளில் பாறைகளை ஆராய்ந்தார். இந்திய நிலவியலுக்கு அடிப்படை நூலாக இருந்த கையேட்டை ஏறக்குறைய புதிதாகவே எழுதி, அதன் இரண்டாம் பதிப்பை 1893-ல் கொண்டுவந்தார்.

1897 ஜூன் 12

அன்னைக்கு சனிக்கிழமை. மாலை ஐந்தேகால் மணி வாக்கில் ஷில்லாங் பீடபூமி குலுங்கியது. ஷில்லாங் நகரத்தில் கல் கட்டடங்கள் எல்லாம் தரைமட்டம். ரிக்டர் அளவுகோல் பிறப்பதற்கு முன்னாடி நடந்தது என்றாலும், இன்றைய கணிப்புப்படி அது 8-க்கும் மேல். சுமார் 4 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கட்டடங்கள் சேதமாயின. தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு பரப்பு அது. இறந்தவர்கள் 1,542 பேர் என்று கணக்கு. சாயங்கால நேரம், பலர் வெளியில் இருந்தார்கள். நடு ராத்திரியில் வந்திருந்தால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும்.

விசாரிக்கும் பொறுப்பு ஓல்டாமிடம் வந்தது. அப்போ இந்தியாவுல சீஸ்மோகிராஃப் நிலையங்கள் கிடையாது. நிலநடுக்கத்தை அளக்க ஒரு கருவிகூட இல்லாத நாட்டுல, அதுவரை பதிவான மிகப்பெரிய நிலநடுக்கங்கள்ல ஒண்ணை ஆராயணும். என்ன பண்ணுவீங்க?

அவர் கேள்வித்தாள் அனுப்பினார். ரயில் நிலையங்கள், தந்தி அலுவலகங்கள், தேயிலைத் தோட்டங்கள், அரசு அதிகாரிகள் என்று பல இடங்களிலிருந்து பதில்கள் வந்தன. லா டூஷ் முதலான சக நிலவியலாளர்கள் களத்துக்குப் போனார்கள். பிறகு ஓல்டாமும் மலைகளில் நடந்தார். கல்லறைத் தூண்கள் எப்படிச் சுழன்றிருக்கின்றன, ரயில் தண்டவாளம் எப்படிப் பாம்பு மாதிரி வளைந்திருக்கிறது, மணல் எங்கே ஊற்றாகக் கிளம்பியிருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மலையில் அவர் பார்த்த ஒரு விஷயம் முக்கியமானது. பெரிய பாறைகள் தாங்கள் புதைந்திருந்த குழியை விட்டு வெளியே வந்து கிடந்தன. ஆனா குழியோட விளிம்பு உடையவே இல்லை. பக்கவாட்டில் உருண்டிருந்தால் விளிம்பு சிதைந்திருக்கும். அப்படின்னா பாறை நேரா மேல தூக்கி எறியப்பட்டிருக்கணும். தரையின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தையே தாண்டியிருந்தால்தான் அது நடக்கும் என்று முடிவுக்கு வந்தார். ஆக்சிலரோமீட்டர் இல்லாமல், ஒரு குழியின் விளிம்பை வைத்து 'ஜி' மதிப்பைத் தாண்டிய முடுக்கத்தைச் சொன்ன ஆள் அவர்.

சேட்ராங் நதிப் பக்கம் நிலம் பிளந்து, ஒரு பக்கம் 10 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்ததையும் அளந்தார். நாம இருக்கிற மாடி ப்ளாக் அளவுக்குத் தரை ஒரே மூச்சில் எழுந்ததுன்னு வெச்சுக்குங்க.

அது எந்த ஊர் மணி?

இப்போ டேட்டாவோட பெரிய தலைவலிக்கு வருவோம். நேரம்.

பதில் எழுதின எல்லாரும் குலுக்கல் எத்தனை மணிக்கு வந்ததுன்னு எழுதியிருப்பாங்க. ஆனா எந்தக் கடிகாரப்படி? அந்தக் காலத்தில் இந்தியா முழுக்க ஒரே நேரம் கிடையாது. ரயிலும் தந்தியும் ஓடியது மதராஸ் நேரப்படி. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் கடிகாரம்தான் அதற்கு அடிப்படை. தினமும் அங்கிருந்து தந்தி வழியாக நாடு முழுக்க நேரம் போகும். ஆனா கல்கத்தாவுக்குத் தனி நேரம். அது மதராஸ் நேரத்தைவிடச் சுமார் 32 நிமிடம் முன்னால் போகும். மற்ற ஊர்களில் அவரவர் உள்ளூர் நேரம். வீட்டுக் கடிகாரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

32 நிமிஷம் சும்மா இல்லைங்க. பூமியோட ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரைக்கும் நடுவுல புகுந்து போக பி அலைக்கு ஆகிற நேரமே சுமார் 20 நிமிஷம்தான். ஒரு நிமிஷம் தப்பானாலே பி அலை 360 கிலோமீட்டர் தாண்டிடும். விழுப்புரத்துல வந்த நிலநடுக்கத்தை மதுரைக்கு அந்தாண்டை வந்ததா கணக்குப் போடுவோம்.

அதனால் ஓல்டாம் ஒவ்வொரு பதிலையும் ஒரே நேரக் கணக்குக்கு மாற்றினார். தந்தி அலுவலகம் மாதிரி கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வழி இருக்கிற இடத்துப் பதிலுக்கு ஒரு மதிப்பு, குத்துமதிப்பாகச் சொன்னவருக்கு வேறு மதிப்பு. இன்றைக்கு ஒவ்வொரு நிலநடுக்க சென்சாரிலும் ஜிபிஎஸ் ரிசீவர் இருக்கு. டைம் ஸ்டாம்ப் தானாகவே சரியா விழுது. ஓல்டாமுக்கு அந்த டைம் ஸ்டாம்பைப் பேனாவால் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

இந்த ஆய்வு 1899-ல் சுமார் 380 பக்க அறிக்கையாக வந்தது. நிலநடுக்கத்தின் அளவுக்குத் தன் பெயரைத் தந்த சார்லஸ் ரிக்டர் பிற்பாடு எழுதிய பாடப்புத்தகத்திலும் இந்த ஆய்வுக்கு விரிவான இடம் உண்டு.

இத்தாலியில் விழுந்த கோடு

இந்தியாவில்தான் கருவி இல்லை. ஐரோப்பாவில் சில இடங்களில் இருந்தது.

இதற்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான தற்செயல் உண்டு. 1889 ஏப்ரலில் ஜெர்மனியில் ஃபான் ரெபயர் பாஷ்விட்ஸ் என்பவர், நிலவின் ஈர்ப்பால் தரை எவ்வளவு சாய்கிறது என்று பார்க்க நுட்பமான ஊசல்களை வைத்திருந்தார். அதில் ஒரு நாள் சம்பந்தமே இல்லாமல் ஒரு அதிர்வு பதிவானது. தேதியைத் தேடிப் பார்த்தபோது, அது ஜப்பானில் வந்த நிலநடுக்கம் என்று தெரிந்தது. அதாவது, நாய்ஸ்னு தள்ளியிருக்க வேண்டியது உண்மையில சிக்னல். உலகத்தின் எந்த மூலையில் நிலநடுக்கம் வந்தாலும் இன்னொரு மூலையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

1897 ஜூன் 12-ம் தேதி அதிர்வும் இத்தாலியில் இருந்த கருவிகளில் பதிவாகியிருந்தது. தூரம் 7,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் பதிவுகளை ஓல்டாம் வாங்கிப் பார்த்தார். முதலில் சின்னதாக ஒரு அதிர்வு. சில நிமிடங்கள் கழித்து இன்னொரு அதிர்வு, வேறு மாதிரி. கடைசியாக, நீண்ட நேரம் பெரிதாக ஆடும் அலைகள்.

மற்றவர்களும் இப்படிப்பட்ட பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அன்றைய கருவிகள் பலவற்றில் டேம்பிங் சரியாகக் கிடையாது. ஒரு தடவை ஆட்டம் கொடுத்தால் ஊசல் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். வைப்ரேஷன் லேப்ல டேம்பர் இல்லாத சிஸ்டம் எப்படி ஆடும்னு பார்த்திருப்பீங்க. அந்த ஆட்டத்துக்கு நடுவே இரண்டாவது அலை எங்கே ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கணும்.

ஓல்டாம் என்ன செய்தார்? ஒரு பதிவை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. பல நிலையங்களின் பதிவுகளை எடுத்து, தூரத்துக்கும் நேரத்துக்கும் கணக்குப் போட்டார். அசாமோடு நிறுத்தாமல் வேறு நிலநடுக்கங்களையும் சேர்த்துக்கொண்டு 1900-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். முதல் அலைக்கு ஒரு ஒழுங்கான வளைகோடு, இரண்டாம் அலைக்கு இன்னொரு வளைகோடு, மூன்றாவதற்கு ஒரு நேர்கோடு. மூன்றும் மூன்று வேறு அலைகள்.

திடப்பொருளுக்குள் இரண்டு வகை அலைகள் போக முடியும் என்று பிரெஞ்சு கணித அறிஞர் புவாசோன் 1830 வாக்கிலேயே சொல்லியிருந்தார். ஒன்று அமுக்கி அமுக்கிப் போகும் அலை, இன்னொன்று பக்கவாட்டில் அசைந்து போகும் அலை. மேற்பரப்பை ஒட்டி மட்டும் போகிற அலை ஒன்று இருக்கும் என்று ராலே 1885-ல் சொல்லியிருந்தார். எழுபது வருஷமாகப் பேப்பரில் இருந்த சமன்பாடு, உண்மையான பூமியில் ஓடுவதை ஓல்டாம் காட்டினார். பி, எஸ், மேற்பரப்பு அலை என்று நாம் இன்று படிப்பது அதுதான்.

விழுப்புரத்திலிருந்து இரண்டு பஸ்

இரண்டு அலையைப் பிரிச்சதால என்ன லாபம்னு கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்றேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பைபாஸ் ரைடரும் ஒரு ஆர்டினரியும் ஒரே நேரத்துல கிளம்புதுன்னு வெச்சுக்குங்க. ஒண்ணு மணிக்கு 60 கிலோமீட்டர், இன்னொண்ணு 40. திண்டிவனத்துல நிக்கிற உங்களுக்கு இரண்டும் 20 நிமிஷ இடைவெளியில வரும். தாம்பரத்துல நிக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல இடைவெளி. பஸ் எப்போ கிளம்புச்சுன்னு உங்க இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். வேகம் தெரிஞ்சா, இடைவெளியை மட்டும் வெச்சே பஸ் எவ்வளவு தூரத்திலிருந்து வருதுன்னு சொல்லிடலாம்.

நிலநடுக்கத்திலும் அதே கணக்குதான். மேலோட்டுப் பாறையில் பி அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர், எஸ் அலை சுமார் 3.5. விழுப்புரத்தில் ஒரு அதிர்வு வந்தால் திண்டிவனத்துக்கு பி அலை 7 நொடிக்குள் வந்துவிடும், எஸ் அலை 11 நொடிக்கு மேல் ஆகும். இடைவெளி கிட்டத்தட்ட 5 நொடி. இடைவெளி நொடியை 8-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய தூரம் கிடைக்கும். 40 கிலோமீட்டர், சரியா வருது பாருங்க. ஒரு நிலையம் தூரத்தை மட்டும்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. மூன்று நிலையம் இருந்தால் மூன்று வட்டம் போடலாம், அவை வெட்டுகிற இடம்தான் மையம்.

இந்தக் கணக்குக்கு இரண்டு வருகை நேரமும் வேணும். இரண்டாவது பஸ் எதுன்னு அடையாளம் தெரியலைன்னா எல்லாம் போச்சு.

1897-க்குப் பிறகு இந்தியாவிலும் கருவிகள் வந்தன. 1898, 99-ல் கல்கத்தா அலிப்பூரிலும், பம்பாய் கொலாபாவிலும், நம்ம கொடைக்கானலிலும் மில்ன் சீஸ்மோகிராஃப்கள் நிறுவப்பட்டன. கொடைக்கானல்னா சூரியனைப் பார்க்கிற ஆய்வகம்னுதான் நமக்குத் தெரியும். அங்கேயே நிலத்தோட நாடியையும் பிடிச்சுப் பார்த்திருக்காங்க.

பூமியின் நடுவே

1903-ல் உடல்நிலை சரியில்லாததால் ஓல்டாம் இந்திய வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்து போனார். 24 வருஷ வேலை. வயது 45 தான். கதை இத்தோட முடிஞ்சதுன்னு நினைப்பீங்க. அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுக்கப்புறம்தான் வந்தது.

அவர் கையில் இருந்தது அதே பழைய விஷயம்தான்: எந்தத் தூரத்துக்கு எந்த அலை எத்தனை நிமிடத்தில் வந்தது என்ற அட்டவணை. உலகம் முழுவதும் பரவியிருந்த நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துக்கொண்டே போனார். தூரம் கூடக்கூட அலைகள் ஆழமாகப் போகும். ஆழத்தில் வேகம் அதிகம். அதனால் வளைகோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நிலநடுக்க மையத்திலிருந்து 120 டிகிரிக்கு அப்பால் பார்த்தால், இரண்டாம் அலை வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. பூமியின் நடுவே புகுந்து வர வேண்டிய அலைகளைத்தான் ஏதோ ஒன்று தடுக்கிறது.

1906-ல் அவர் சொன்ன முடிவு: பூமிக்கு நடுவே தனியாக ஒரு மையப்பகுதி இருக்கிறது. சுற்றியுள்ள பகுதியின் குணம் அதற்கு இல்லை. அலைகள் அதில் மெதுவாகத்தான் போகின்றன. கோர்னு நாம படிக்கிற, தமிழ்ப் பாடப்புத்தகத்தில் கருவம் என்று வருகிற பகுதி அதுதான். யாரும் போய்ப் பார்க்க முடியாத ஆழத்தில் இருப்பதைச் சில காகிதச் சுருள்களை வைத்து ஒருவர் கண்டுபிடித்தார்.

எல்லாமே அவர் சொன்னபடி இருந்ததா? இல்லை. அந்த மையப்பகுதி பூமியின் ஆரத்தில் பத்தில் நாலு பங்கு என்று கணித்தார். உண்மையில் பாதிக்கும் கொஞ்சம் அதிகம். எஸ் அலைன்னு நினைச்சு அவர் குறிச்ச தாமதமான அதிர்வுகள் வேறு பாதையில் சுற்றி வந்தவை. பின்னால் வந்த குட்டன்பர்க் அந்த எல்லை சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதைக் கணக்கிட்டார். வெளிப்புறக் கருவம் திரவம் என்பதை ஜெஃப்ரீஸ் 1926-ல் நிறுவினார். திரவத்தில் எஸ் அலை போகாது, அதனால்தான் அது வரவில்லை. அதற்கும் உள்ளே இன்னொரு கருவம் இருக்கிறது என்று டென்மார்க்கின் இங்கே லேமன் 1936-ல் சொன்னார்.

அதே 1936-ம் வருஷம் ஜூலை 15-ம் தேதி, வேல்ஸில் ஓல்டாம் காலமானார். 78 வயது முடிய இரண்டு வாரம் பாக்கி. இடையில் 1908-ல் லையல் பதக்கம், 1911-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1920 முதல் 1922 வரை லண்டன் நிலவியல் சங்கத்தின் தலைவர் என்று மரியாதைகள் வந்து சேர்ந்திருந்தன.

கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இப்போ நம்ம ப்ராஜெக்டுக்கு வருவோம். கம்ப்யூட்டர் எப்படி நிலநடுக்கத்தைக் கண்டுபிடிக்குது?

முதலில் வந்த வழி ரொம்ப எளிமையானது. கடைசி ஒரு நொடியின் சராசரி ஆட்டத்தை எடு. கடைசி அரை நிமிடத்தின் சராசரி ஆட்டத்தை எடு. முதலாவதை இரண்டாவதால் வகு. விகிதம் திடீர்னு ஏறினா ஏதோ வந்திருக்கு. ரெக்ஸ் ஆலன் என்ற அமெரிக்கர் 1978-ல் இந்த மாதிரி விகிதத்தை வைத்து பி அலையின் வருகையைத் தானாகக் குறிக்கும் முறையை வெளியிட்டார். இன்றைக்கும் பல நிலையங்களில் இந்தக் கணக்கு ஓடுது.

பிரச்சினை என்னன்னா, விகிதம் ஏறுறதுக்கு நிலநடுக்கம்தான் வரணும்னு இல்லை. விழுப்புரம் ஜங்ஷன்ல கூட்ஸ் வண்டி போனாலும் ஏறும். திண்டிவனம் பைபாஸ்ல லாரி போனாலும் ஏறும். வானூர், திருவக்கரை பக்கம் கல்குவாரியில வெடி வெச்சா இன்னும் மோசம், அதுவும் நிலத்துக்குள்ள போற அலைதானே? ஒரு நிலையத்தை நம்பாமல், பல நிலையங்களில் வரிசையாக ஏறுகிறதா என்று பார்த்து வடிகட்ட வேண்டியிருக்கும். எஸ் அலை இன்னும் கஷ்டம். பி அலையோட வால் ஆடிக்கிட்டு இருக்கும்போதே அது வந்து சேரும். சராசரி விகிதம் அங்கே பெரிசா ஏறாது. ஓல்டாம் இத்தாலியப் பதிவுல சந்திச்ச அதே சிக்கல்.

இங்கேதான் டீப் லேர்னிங் வந்தது. 2018-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபேஸ்நெட் என்ற மாடலை உருவாக்கினார்கள். அலையின் ஒவ்வொரு புள்ளியிலும் அது மூன்று நிகழ்தகவு கொடுக்கும்: பி-யா, எஸ்-ஸா, வெறும் நாய்ஸா. எஸ் அலையைக் குறிப்பதில் பழைய முறைகளை அது நன்றாகவே முந்தியது. ஆனா அது எப்படிக் கத்துக்கிச்சு? வடக்கு கலிஃபோர்னியாவில் பல வருஷங்களாக நிபுணர்கள் கண்ணால் பார்த்து பி, எஸ் என்று குறித்து வைத்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளிலிருந்து. லேபிள் போட்டது மனுஷங்க. அந்த லேபிளுக்கு இரண்டு பெயர் வேணும்னு முதல்ல காட்டினது ஓல்டாம்.

இதனால ஒரு நடைமுறைக் கேள்வியும் வருது. கலிஃபோர்னியாவின் பாறை வேற, நம்ம ஊர் பாறை வேற. அங்கே கத்துக்கிட்ட மாடல், நம்ம குவாரி வெடியை என்னன்னு சொல்லும்? நம்ம நாட்டில் தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் கீழ் 150-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. நம்ம பதிவுகளை நாமே பார்த்து லேபிள் போடாமல் நம்ம ஊருக்கான மாடல் தேறாது. அது கோடிங் வேலை இல்லை, ஓல்டாம் அப்பாவின் காகிதங்களோடு உட்கார்ந்து செய்த வேலை மாதிரியானது.

நான்கு நிமிடம், இரண்டு மணி நேரம்

நம்ம ஊர்ல எங்கே நிலநடுக்கம் வரப்போகுதுன்னு நினைக்காதீங்க. 2001 செப்டம்பர் 25-ம் தேதி இரவு எட்டரை மணி வாக்கில், புதுச்சேரிக்கு அப்பால் கடலில் சுமார் 5.5 அளவில் ஒன்று வந்தது. வட தமிழ்நாடு முழுக்க மக்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். வீட்டுல அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, ஞாபகம் இருக்கும்.

அதைவிட முக்கியமானது 2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே காலை 6.29-க்கு நிலநடுக்கம். நம்ம மரக்காணம் கடற்கரைக்கு அங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர். பி அலை நம்ம காலுக்குக் கீழே நாலே கால் நிமிஷத்துல வந்துடுச்சு. எஸ் அலை எட்டு நிமிஷத்துக்குள்ள வந்துடுச்சு. கடல் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல ஆச்சு. நடுவுல இருந்த அந்த இரண்டு மணி நேரம் யாருக்கும் பயன்படலை. ஞாயிற்றுக்கிழமை காலை, எத்தனை பேர் கரையில் இருந்தாங்கன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலைகளைப் பற்றிய அறிவு நூறு வருஷமா நம்மகிட்ட இருந்தது. அதைச் சில நிமிஷத்துல கணக்குப் போட்டு, கரையில் இருக்கிற ஆளுக்குச் சொல்ற ஏற்பாடுதான் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது, 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. உத்தராகண்டில் ஐஐடி ரூர்க்கி உருவாக்கிய நிலநடுக்க எச்சரிக்கை ஆப் 2021-ல் வந்தது. மலையில் பதித்த சென்சார்கள் வேகமாக வரும் பி அலையைப் பிடித்து, சேதம் செய்யும் எஸ் அலை வருவதற்கு முன் ஊருக்குச் செய்தி அனுப்பும். 2023 முதல் இந்தியாவில் ஆண்ட்ராய்டு போன்களே தங்கள் ஆக்சிலரோமீட்டர் மூலம் நடுக்கத்தைக் கவனிக்கின்றன. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: முதல் பஸ்ஸைப் பார்த்ததும், இரண்டாவது பஸ் வர்றதுக்குள்ள சொல்லிடணும்.

கடைசியா ஒரு விஷயம். 2001-ல் ரோஜர் பில்ஹாமும் பிலிப் இங்லாண்டும், 1897-க்கு முன்னும் பின்னும் எடுத்த பழைய நில அளவைக் கணக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். ஷில்லாங் பீடபூமியின் வடக்கு விளிம்பில், தரைக்கு மேல் தெரியாத ஒரு பெரிய பிளவு அந்த நிலநடுக்கத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்து அதற்கு ஓல்டாம் பிளவு என்று பெயர் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதி வெச்ச எண்களை இன்னொரு தலைமுறை எடுத்துப் பயன்படுத்தியிருக்கு.

அதனால, இந்த வருஷம் நிலநடுக்க ப்ராஜெக்ட் எடுக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடலை ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஐம்பது பதிவையாவது திறந்து வெச்சு, பி எங்கே, எஸ் எங்கேன்னு நீங்களே கண்ணால் பார்த்துக் குறிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் மாடல் போட்ட கோட்டோட ஒப்பிடுங்க. எங்கே ஒத்துப்போகலையோ, உங்க ப்ராஜெக்ட் அங்கேதான் ஆரம்பிக்குது.